மழை, பனிப் பதிவுகளை வரைபடமாக்கிப் படிக்கும் முறை

முதலில், அருகிலுள்ள வானிலை நிலையத்தின் தினசரிப் பதிவுகளை 30 ஆண்டுகளுக்காவது திரட்டிக்கொள்ளுங்கள். உலக வானிலை அமைப்பும் காலநிலைச் சராசரியை 30 ஆண்டுகளைக் கொண்டே வரையறுக்கிறது (இப்போது வழக்கிலிருப்பது 1991–2020). பதிவில்லாத நாளைச் சுழியமாக எண்ணாமல் வெற்றிடமாகவே விடுங்கள். இல்லாத வறட்சி முளைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பனியை மழையுடன் கூட்டுமுன் உருகிய நீரின் அளவாக மாற்ற வேண்டும். 10 செ.மீ. புதுப் பனி ஏறக்குறைய 1 செ.மீ. நீர் தரும் என்பது தோராயக் கணக்கே. உலர்பனியில் நீர் இன்னும் குறைவு, ஈரப்பனியில் அதிகம் என்பதால், உருக்கி அளந்த பதிவு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வோர் ஆண்டின் மொத்தமும் 30 ஆண்டுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைப் பட்டை வரைபடமாக வரையலாம். ஆனால் அதோடு நிறுத்துவது போதாது என்பேன். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயரும்போது காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுவதால், மொத்தம் மாறாமலே மழைநாள்கள் குறைந்து, ஒரே நாளில் கொட்டும் அளவு பெருகியிருக்கக்கூடும். எனவே ஆண்டின் மிகக் கனத்த ஒருநாள் மழை, மழைநாள்களின் எண்ணிக்கை, குளிர்காலப் பொழிவில் பனியாக விழுந்த பங்கு ஆகிய மூன்றையும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் பத்தாண்டு நகரும் சராசரிக் கோட்டை (அடுத்தடுத்த பத்துப் பத்து ஆண்டுகளின் சராசரியை, ஓராண்டு ஓராண்டாக நகர்த்திக் கணக்கிட்டு இணைப்பது) இடுங்கள்.

கோடு திடீரெனத் தாவினால், காலநிலையைக் காரணம் காட்டுமுன், மழைமானி அந்த ஆண்டில் இடம் மாற்றப்பட்டதா என்று நிலையக் குறிப்பில் பாருங்கள்.