சைலன்சர் சுட்ட காயம்: ஹைட்ரோஜெல் போட்டு ஆறியது

பைக் சைலன்சர் கெண்டைக்காலில் பட்டு, ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் வழன்றுவிட்டது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டினேன், அதுவரை சரி, அப்புறம் காற்றாட விட்டால்தான் ஆறும் என்று நினைத்து 3 நாள் திறந்தே வைத்ததில் பொருக்குத் தட்டி, நடக்கும்போதெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. மருத்துவர் ஹைட்ரோஜெல் டிரெஸ்ஸிங், அதாவது காயத்தின் மேல் ஒட்டும் ஜெல் பட்டை, போடச் சொன்னார். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒட்டியதும் எரிச்சல் அடங்கியது, பிரிக்கும்போது புதுத் தோலைப் பிய்க்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. காயம் ஈரமாக இருந்தால் தோல் செல்கள் பொருக்குக்கு அடியில் புகுந்து போக வேண்டியதில்லை, நேராகப் பரவும். 1962-இலேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் காயங்களில் இதைக் காட்டிவிட்டார். நீர் அதிகம் வடியும் காயத்துக்கு மட்டும் போடாதீர்கள், சுற்றுத் தோல் ஊறி வெளுத்துவிடும். 11-ஆம் நாள் இளஞ்சிவப்பாக மூடியது. தழும்பு கறுக்கக் கூடாதென்று வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.