பாகுலா: வால்யூம் இருக்கிறது, கோப்பு மட்டும் இல்லை என்கிறதா?

போன மாதம் கணக்குப் பிரிவு அக்கா வந்து, எட்டு மாதத்துக்கு முந்தைய எக்செல் கோப்பு ஒன்று வேண்டும் என்றார். "பேக்கப்தான் தினமும் ஓடுதே தம்பி!" நானும் தைரியமாகப் பத்து நிமிஷம் என்றேன். மூன்று நாள் ஆனது. எங்கள் பேக்கப் மென்பொருளான பாகுலா மேல் குற்றமில்லை, அதன் கேட்டலாக்கைப் புரிந்துகொள்ளாமல் இரண்டு வருஷம் ஓட்டியது நான்தான்.

நிறுவுவதைப் பற்றி இங்கே எழுதவில்லை. டைரக்டர் (எல்லாவற்றையும் இயக்குவது), ஸ்டோரேஜ் டீமன் (பேக்கப்பை எழுதி வைப்பது), ஃபைல் டீமன் (கோப்புகளைப் படித்து அனுப்புவது) மூன்றும் உங்களிடம் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

கேட்டலாக்கில் என்ன இருக்கிறது

கோப்பின் உள்ளடக்கம் வால்யூமுக்கு, அதாவது பேக்கப் எழுதப்படும் டேப்புக்கோ டிஸ்க் கோப்புக்கோ, போகிறது. எந்தக் கோப்பு, எந்த ஜாபில் (ஒரு முறை ஓடும் பேக்கப் ஒரு ஜாப்), எந்த வால்யூமின் எந்த இடத்தில் என்ற விவரம் டேட்டாபேஸுக்குப் போகிறது. அதுதான் கேட்டலாக். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் எதிலும் வைக்கலாம். என்னைக் கேட்டால் போஸ்ட்கிரெஸ். எஸ்கியூலைட் வீட்டில் விளையாடிப் பார்க்க மட்டும்.

உள்ளே ஜாப், ஃபைல், பாத், மீடியா என்று அட்டவணைகள் இருக்கும். ஜாபையும் வால்யூமையும் முடிச்சுப் போடுவது ஜாப்மீடியா. ஒரே ஃபோல்டர் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல் பாத் அட்டவணையில் ஒரு முறை மட்டும் வைத்துக்கொண்டு, ஃபைல் வரிசையில் அதன் எண்ணை மட்டும் குறிக்கும். ஃபைல் அட்டவணையில் எல்ஸ்டாட் என்ற பத்தியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கோப்பின் அளவு, உரிமையாளர், தேதி எல்லாவற்றையும் சேர்த்து பேஸ்64 பாணியில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நான் முதலில் டேட்டாபேஸ் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

இது எவ்வளவு இடம் பிடிக்கும்? கையேடு ஒரு கோப்புப் பதிவுக்குச் சராசரி 154 பைட் என்று கணக்குப் போடுகிறது. ஒரு லட்சம் கோப்புள்ள கணினிக்கு மாதம் 4 ஃபுல் பேக்கப், பத்தாயிரம் கோப்புகளோடு 26 இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுப்பது) என்றால் 6,60,000 பதிவுகள், சுமார் 100 எம்பி. இது இப்படியே வளர்ந்துகொண்டு போகக் கூடாது என்றுதான் பாகுலா பழைய பதிவுகளைத் தானாகக் கழித்துவிடுகிறது. நான் மாட்டியது அங்கேதான்.

மூன்று கெடுக்கள்

ரிடென்ஷன் என்றால் எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கெடு. எதுவும் மாற்றாமல் விட்டால் ஃபைல் ரிடென்ஷன் 60 நாள், ஜாப் ரிடென்ஷன் 180 நாள், வால்யூம் ரிடென்ஷன் 365 நாள். நான் கடைசி எண்ணை மட்டும் பார்த்து, ஒரு வருஷம் பத்திரம் என்று நம்பினேன். 60 நாள் தாண்டினால் தனிக் கோப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஜாபை முழுதாக மீட்கட்டுமா என்று மட்டும் கேட்கும். 180 தாண்டினால் ஜாபே பட்டியலில் இருக்காது.

மீட்பு, படிப்படியாக

1. பாகுலாவின் கட்டளைத் திரையான பிகான்சோலில் லிஸ்ட் மீடியா கொடுத்து வால்யூமின் நிலையைப் பாருங்கள். என்னுடையது பர்ஜ்டு என்று இருந்தது. நெஞ்சு பக்கென்றது. ஆனால் பர்ஜ்டு என்றால் அந்த வால்யூமைப் பற்றிய பதிவுகள் கேட்டலாக்கில் இல்லை என்றுதான் அர்த்தம். பாகுலா மேலே எழுதும்வரை தரவு அங்கேயே கிடக்கும். எனவே வேறு எதையும் தொடுவதற்கு முன், அப்டேட் வால்யூம் கட்டளையில் நிலையை ரீட்-ஒன்லி ஆக்குங்கள். இல்லையென்றால் இன்றிரவு ஜாபே அதை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

2. கிளையன்ட் (பேக்கப் எடுக்கப்படும் கணினி) அமைப்பில் ஃபைல் ரிடென்ஷன், ஜாப் ரிடென்ஷன் இரண்டையும் கூட்டி, ரீலோட் கொடுங்கள். இதை விட்டால், நீங்கள் பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவரும் பதிவுகளைப் பழையவை என்று அடுத்த ஜாப் முடிந்ததும் மறுபடி கழித்துவிடும்.

3. இப்போது பிஸ்கேன். வால்யூமைத் தலையிலிருந்து படித்து, கேட்டலாக் பதிவுகளைத் திரும்ப எழுதும் கருவி இது. இங்கேதான் என் இரண்டு நாள் போனது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கட்டளையோடு கொடுக்கும் தேர்வெழுத்துகளில், டேட்டாபேஸில் எழுத வைப்பது சின்ன எஸ் (-s). பெரிய எஸ் (-S) எவ்வளவு தூரம் படித்தாயிற்று என்று காட்டுவதோடு சரி. நான் பெரிய எஸ் கொடுத்தேன். பல மணி நேரம் ஓடியது, கடைசியில் இத்தனை ஜாப், இத்தனை ஃபைல் என்று அழகான பட்டியல். சந்தோஷமாகப் போய் லிஸ்ட் ஜாப்ஸ் அடித்தால், ஒன்றும் இல்லை. மறுநாள்தான் அந்தப் பட்டியலின் தலைப்பைச் சரியாகப் படித்தேன். சேர்க்கப்பட்டவை என்று அது சொல்லவில்லை, "சேர்த்திருப்பேன்" என்றுதான் சொல்லியிருந்தது. அத்தனை நேரமும் வெறும் ஒத்திகை. பி எழுத்திலும் இதே கண்ணி உண்டு: பெரியது கடவுச்சொல், சின்னது படிப்பதில் பிழை வந்தாலும் தொடர்வதற்கு.

சின்ன எஸ்ஸோடு சின்ன எம்மும் சேருங்கள், வால்யூம் விவரமும் புதுப்பிக்கப்படும். ஒரு ஜாப் இரண்டு வால்யூமில் நீண்டிருந்தால் இரண்டின் பெயரையும் எழுதிய வரிசையில், நடுவில் நெட்டுக்கோடு (|) போட்டுக் கொடுக்க வேண்டும். ஷெல் அந்தக் கோட்டைத் தன் குறியாக எடுத்துக்கொள்ளும், எனவே மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

4. பிஸ்கேன் தரும் புது ஜாப் எண்ணைக் குறித்துக்கொண்டு, ரெஸ்டோர் மெனுவில் எண்ணைக் கொடுத்துத் தேடும் வழியை எடுங்கள். அக்காவின் கோப்பு கிடைத்தது.

கேட்டலாக்கே போய்விட்டால்

பாகுலாவோடு வரும் மாதிரி அமைப்பிலேயே, இரவு ஜாப்கள் முடிந்ததும் கேட்டலாக்கை எஸ்கியூஎல் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல் கோப்பு) எடுத்து வால்யூமில் போடும் ஜாப் ஒன்று இருக்கிறது. அதை நீக்காதீர்கள். ஆனால் டம்ப் எந்த வால்யூமில் இருக்கிறது என்பதும் கேட்டலாக்கில்தானே இருக்கும்? பெட்டியைப் பூட்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்த கதை. அதற்காகத்தான் பூட்ஸ்ட்ராப் கோப்பு. சாதாரண எழுத்துக் கோப்புதான், திறந்து பாருங்கள்: வால்யூம் பெயர், செஷன் எண், செஷன் நேரம், கோப்பு வரிசை எண் போன்ற சில வரிகள்தான். இதைக் கையில் வைத்துக்கொண்டு, டேட்டாபேஸே இல்லாமல் பிஎக்ஸ்ட்ராக்ட் கருவியால் டம்பை வெளியே எடுத்துவிடலாம். அந்தக் கோப்பும் அதே சர்வரில் கிடந்தால் பயனில்லை. நான் தினமும் அதை எனக்கே மின்னஞ்சல் அனுப்ப வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: பூல் (வால்யூம்களின் தொகுப்பு) அமைப்பில் வால்யூம் ரிடென்ஷனைக் கூட்டியும் லிஸ்ட் மீடியாவில் பழைய எண்ணே வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பூலில் மாற்றுவது இனி உருவாகும் வால்யூம்களுக்கு மட்டும். ஏற்கெனவே இருப்பவை பழைய மதிப்பைத் தம் மீடியா பதிவிலேயே வைத்திருக்கும். அப்டேட் கட்டளைக்குள் போய், எல்லா வால்யூம்களையும் பூலிலிருந்து புதுப்பிக்கும் தேர்வைக் கொடுத்தால் சரியாகிவிடும்.