பிள்ளை ‘ஆச்சி எங்கே?’ என்று கேட்டால்

துக்க வீட்டில் பெரியவர்களைத் தேற்ற ஊரே வந்துவிடும். மூலையில் நிற்கிற ஐந்து வயதுப் பிள்ளையிடம்தான் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் அம்மா இறந்த அன்று என் மகனிடம் ஒருத்தர் “ஆச்சி தூங்குறாங்க” என்றார், இன்னொருத்தர் “இயேசப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு” என்றார், மூன்றாவது ஆள் நட்சத்திரத்தைக் காட்டினார். அன்று ராத்திரி பையன் கண்ணை மூடவே மாட்டேன் என்று ஒரே அடம். தூங்கினால் அவனையும் பெட்டிக்குள் வைத்துவிடுவோமாம்.

அதனால் முதலில், சுற்றி வளைக்காமல் “ஆச்சி இறந்துட்டாங்க” என்றே சொல்லுங்கள். மூச்சு நின்றுவிட்டது, இனி பசிக்காது, வலிக்காது, பெட்டிக்குள் இருட்டாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போஸ்டரில் போடுவது வேதத்தில் உள்ள வழக்குதான், தெசலோனிக்கே ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் அப்போஸ்தலர் பவுலே அப்படித்தான் எழுதுகிறார். ஆனால் அது பெரியவர்களுக்குப் புரிகிற பேச்சு, பிள்ளைக்குத் தூக்கம் என்றால் தூக்கம்தான்.

அழுதால் அழட்டும். “ஆச்சி பரலோகத்துல சந்தோஷமா இருக்காங்க, நீ ஏன் அழுற?” என்று மட்டும் கேட்காதீர்கள். இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். யோவான் 11:35, ‘இயேசு கண்ணீர் விட்டார்’, மூன்றே வார்த்தை, எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்துவிடும்.

அப்புறம் அந்தக் கேள்வி. இப்போது எங்கே? சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம் “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று இயேசு சொன்னாரே, அதையே சொல்லுங்கள்: ஆச்சி இயேசுவோடு இருக்காங்க. இடத்துக்கு மேப் போடப் போகாதீர்கள். ஆனால் அதோடு நிறுத்தியும் விடாதீர்கள், நம்மில் பாதிப் பேர் அங்கேதான் நிறுத்திவிடுகிறோம். ஏதோ ஆவி மேலே பறந்துபோய் மேகத்தில் உட்கார்ந்திருப்பதோடு கதை முடிந்த மாதிரி. ஞாயிறுதோறும் ஆராதனையில் நம் விசுவாசத்தை அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீரம் உயிர்த்தெழுதல்’ என்று நாம் வாயாரச் சொல்வது வேறு விஷயம் அல்லவா? வெளிப்படுத்தல் 21-இல் நாம் மேலே போவதாக இல்லை, புதிய எருசலேம்தான் கீழே இறங்கி வருகிறது, கண்ணீரைத் தேவனே துடைக்கிறார்.

இதை ஐந்து வயதுக்கு எப்படி விளக்குவது? பவுல் கொரிந்தியருக்குக் கோதுமை மணியை வைத்துச் சொன்னார், நான் சிரட்டையில் மண் போட்டு மொச்சை விதையை ஊன்றினேன். மூன்றாம் நாளே பொறுமையில்லாமல் தோண்டிப் பார்த்துவிட்டான். தோல் கிழிந்து, ஊறிப்போய், ஒரு பக்கம் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. “கெட்டுப்போச்சா?” என்றான். இல்லடா, திரும்ப மூடு என்றேன். செடி வந்தபோது, புதைத்தது விதை, வந்தது செடி, ஆனால் அதே மொச்சைதான், ஆச்சியும் ஒருநாள் அப்படி எழுந்திருப்பாங்க என்று சொல்ல எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

வீட்டில் சபை கலந்திருந்தால் கொஞ்சம் கவனம். கத்தோலிக்க உறவுகள் உத்தரிக்கும் ஸ்தலத்தை, அதாவது பரலோகம் போகுமுன் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலையை நம்புவார்கள், இறந்தவருக்காகத் திருப்பலி (பூசை) ஒப்புக்கொடுப்பார்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்கள் பொதுவாக இறந்தவருக்காக ஜெபிப்பதில்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற அட்வென்டிஸ்டு சபையாரோ, உயிர்த்தெழும் நாள்வரை இறந்தவருக்கு நினைவே கிடையாது என்பார்கள். இந்தச் சண்டையைப் பிள்ளை முன்னால் போடாதீர்கள், கடைசி நாளில் உயிர்த்தெழுதல் உண்டு என்பதில் மூன்று பேருக்கும் தகராறு இல்லை.

“சாமிக்கு ஆச்சியைப் பிடிச்சுப்போச்சு, எடுத்துக்கிட்டாரு” என்றால், அடுத்து யாரை எடுப்பார் என்றுதான் பிள்ளை யோசிக்கும். “ஆச்சி மேலேருந்து பார்க்குறாங்க, சேட்டை பண்ணாதே” என்பதும் வேண்டாம். செத்தவரை சிசிடிவி ஆக்குகிற வேலை அது. தேவதூதர் ஆகிவிட்டார் என்பதும் வேதத்தில் இல்லை, மனுஷர் மனுஷராகவே எழுந்திருப்பார்கள்.

ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பார்கள், இருபது தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொன்னால் போதும். வீட்டு நாய் பரலோகத்துக்கு வருமா என்றதற்கு அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஆச்சி அங்கே சாப்பிடுவாங்களா என்று கேட்டபோது பதில் இருந்தது. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்கள் கண் முன்னால் பொரித்த மீன் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார், லூக்கா 24-இல் இருக்கிறது. “அப்போ மீன் குழம்பும் உண்டு” என்று அவனே முடிவு கட்டிவிட்டான். நானும் மறுக்கவில்லை.