செட்டியார் பொம்மையும் இரட்டைக் குதிரைவால் பெண்ணும்: அனிமே பாத்திரம் வரைய ஒரு வழி

ஒவ்வொரு புரட்டாசியிலும் என் ஓவிய வகுப்புப் பிள்ளைகளை மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு அழைத்துப்போவேன். தெருவோரம் முழுக்கக் கொலு பொம்மைகள் பரப்பியிருக்கும். அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் வரைய வந்தவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று பெற்றோர் கேட்பதுண்டு. செட்டியார் பொம்மையைக் காட்டத்தான் போகிறோம். தொந்தி, வெற்று மார்பு, முன்னால் அரிசி பருப்பு, பக்கத்தில் மனைவி. பத்தடி தள்ளி நின்றே பிள்ளைகள் ‘கடைக்காரர்’ என்று சொல்லிவிடுவார்கள். “எதை வைத்துச் சொன்னாய்?” என்பது என் முதல் கேள்வி. “உன் தெரு மளிகைக்கடைக்காரர் இப்படியா இருக்கிறார்?” என்பது இரண்டாவது.

இந்த இரண்டு கேள்விகளுக்காக இரண்டு சொற்கள் வைத்திருக்கிறேன். பார்த்தவுடன் ஆளை அடையாளம் காட்டும் பழகிய வடிவம் ‘வார்ப்பு’. உயிரோடு இருக்கும் ஒரு கூட்டத்தையே ஒரே சாயலுக்குள் அடக்குவது ‘முத்திரை’. வார்ப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். முத்திரையைக் கண்டால் பென்சிலைக் கீழே வையுங்கள்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். ஒரே மாதிரி இரண்டு முட்டை முகங்கள் போடுங்கள். ஒன்றில் கண்ணின் வெளிமுனையைச் சற்று மேலே ஏற்றுங்கள், மற்றதில் கீழே இறக்குங்கள். முதல் முகம் வெடுக்கென்று பேசும், இரண்டாவது எதற்கும் தலையாட்டும். ஜப்பானியர் இவற்றை ட்சுரிமே, தாரெமே என்கிறார்கள். ஏற்றிய கண்ணோடு இரண்டு குதிரைவால் சேர்த்தால் ‘ட்சுன்டெரே’ பெண் வந்துவிடுவாள். ‘ட்சுன் ட்சுன்’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, ‘தெரெ தெரெ’ என்றால் குழைவது; வெளியே சிடுசிடுப்பு, உள்ளே அன்பு. உச்சியில் ஒற்றை மயிர்க்கற்றை எழுந்து நின்றால் அவன் கொஞ்சம் அசடு. அந்தக் கற்றைக்கு அஹோகே என்று பெயர்; ‘அசட்டு மயிர்’ என்றே பொருள். மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மின்னிக் கண்ணை மறைத்தால் ஏதோ சதி நடக்கிறது.

இதெல்லாம் சோம்பலில் பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. முகத்திலும் கோடுகள் குறைவு. அதனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டும் பொறுப்பு தலைமுடிக்கு வந்தது. 1963இல் மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ வாராவாரம் தொலைக்காட்சியில் ஓடியபோது, செலவைக் குறைக்க மிகக் குறைந்த ஓவியங்களையே பயன்படுத்தினார்கள். உடல் அதிகம் அசையாத படத்தில் உருவமே பேசியாக வேண்டும். தெசுகா தம் பாத்திரங்களை நடிகர்களாகவே நடத்தி, ஒரே முகத்துக்குக் கதைக்குக் கதை வேறு வேடம் கொடுத்தவர்.

வார்ப்புகளை மட்டும் கோத்தாலும் ஆள் வரும். 1998இல் ஜப்பானில் ஒரு கடையின் விளம்பர முகமாகப் பிறந்த ‘டி ஜி சரத்’துக்குப் பூனைக்காது, மணி, பச்சைமுடி, பணிப்பெண் உடை எல்லாம் இருந்தன, கதை மட்டும் பிறகுதான் வந்தது. அடுத்த ஆண்டே அவளை வைத்துத் தொடர் எடுத்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அங்கிருந்து நகர்த்துவதுதான் என் வேலை.

போன ஆண்டு ஒரு மாணவி, மெரினாவில் சுண்டல் விற்கும் ட்சுன்டெரே பெண்ணை வரைந்தாள். அழகான இரட்டைக் குதிரைவால், இடுப்பில் கை. கடல்காற்றில் அந்த முடி என்ன ஆகும் என்று கேட்டேன். யோசித்து, ஒரு வாலைச் சுருட்டிக் கொண்டை போட்டுச் சாதாரண ரப்பர் பேண்டால் கட்டினாள். மற்றது அவிழ்ந்து தொங்கியது. தூக்குவாளியை எந்தத் தோளில் சுமக்கிறாள் என்று கேட்டேன். இடது தோள் இறங்கியது. உருவம் முழுவதையும் கறுப்பு மையால் நிரப்பச் சொன்னேன். கண்ணும் வாயும் மறைந்த பிறகும் அது அவள்தான் என்று தெரிந்தது. நீங்களும் இதே வரிசையில் செய்யுங்கள்: வார்ப்பைப் போடுங்கள், அவருடைய தொழிலும் ஊரும் அதைக் கலைக்கட்டும், கடைசியில் மையால் நிரப்பிப் பாருங்கள்.

அடுத்து மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது. தொல்காப்பியம் எட்டு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒரே தாளில் எட்டுக் கட்டம் போட்டு உங்கள் பாத்திரத்தை எட்டிலும் வரையுங்கள். ட்சுன்டெரே பெண்ணுக்கு வெகுளியும் உவகையும் தானாக வரும். இழிவுபட்டுக் கூசும் உணர்வான இளிவரலில் தடுமாறுவீர்கள். அந்த மாணவி அதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். வாங்கியவர் காசைக் கையில் தராமல் மணலில் போடுகிறார். இவள் குனிந்து பொறுக்குகிறாள். கண்ணின் வெளிமுனை முதல்முறையாக இறங்கியிருக்கிறது. அந்தக் கட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வார்ப்புக்கு நேர் எதிரான ஒன்றை உள்ளே வைப்பதும் நல்ல வழி. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடரின் அல்போன்ஸ் பெரிய இரும்புக் கவசம்; உள்ளே பூனைக்குட்டிகளுக்கு இரங்கும் சிறுவன். ‘டீமன் ஸ்லேயர்’ இனோசுகேயின் பன்றித் தலைக்கு அடியில் பெண்பிள்ளை போன்ற மென்முகம். முரண் வசனத்தில் இருந்தால் போதாது, கோட்டில் இருக்க வேண்டும்.

இனி முத்திரை. ‘போக்கிமான்’ ஜின்க்ஸின் கறுப்பு முகமும் தடித்த உதடும் கறுப்பின மக்களை இழிவுசெய்வதாகக் கண்டனம் எழுந்தது; பிறகு முகத்தை ஊதாவாக மாற்றினார்கள். அனிமேக்கு நெருங்கிய உறவான வீடியோ விளையாட்டில், 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’இன் இந்தியர் தால்சிமுக்குக் கழுத்தில் மண்டையோடுகள், வாயில் நெருப்பு. அதைக் காட்டினால் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். கோபப்பட வேண்டியதுதான். ஆனால் அதே பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பினால் வடசென்னைக்காரன் கையில் கத்தி இருக்கிறது.

நானும் அப்படி வரைந்தவள். ஒரு நிறுவனத்துக்காகக் காசிமேட்டு மீனவர் ஒருவரை வரைந்தபோது சிவந்த கண், கன்னத்தில் வெட்டுத் தழும்பு, மடித்துக் கட்டிய லுங்கி போட்டேன். பாராட்டித்தான் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் வாசிப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நைலான் நூல் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் பள்ளம் விழுந்திருந்தது. அந்த விரலை நான் வரைந்திருக்க வேண்டும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வில்லனுக்குக் கொடுத்த அடையாளத்தை நாயகனுக்கு மாற்றிப் போடுங்கள். ‘இவன் நாயகனாக இருக்க முடியாதே’ என்று மனம் முரண்டினால், நீங்கள் போட்டது முத்திரை.

தோல் நிறத்தில் இது அதிகம் நடக்கிறது. வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கால்பந்து நாயகனுக்கு வெளிர் ரோஜாவும் எதிரணி முரடனுக்குப் பழுப்பும் தீட்டியிருந்தான். தாளின் மேல் அவன் கையை வைக்கச் சொன்னேன். வெகுநேரம் எடுக்கவே இல்லை. அன்று நிறம் கலக்கக் கற்றோம்: பர்ன்ட் சியன்னாவில் துளி அல்ட்ராமரைன் நீலம், நிழலுக்கு ஊதா கலந்த பழுப்பு, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் துணிந்து ஒளி. ஓரக்கோட்டுக்குக் கறுப்பு வேண்டாம், அடர்ந்த அரக்குச் சிவப்பு போடுங்கள். இல்லாவிட்டால் மூக்கும் இமையும் தொலைந்துபோகும்.

அவன் இருவருக்கும் ஒரே பழுப்பைத் தீட்டினான். அதன் பிறகு முரடனை எப்படி முரடனாக்குவது என்று தெரியாமல் மூன்று ஞாயிறு திணறினான். நான்காவது ஞாயிறு கொண்டுவந்த படத்தில் எதிரணிக்காரன் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய பூட்ஸ் கயிற்றை ஒரு சின்னப் பையன் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான்.