பல்லைப் படம் எடுத்து நோயாளிக்குக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் பல் மருத்துவர்கள் கேமராவைக் கையில் எடுத்தாலே எனக்குப் பழைய நினைப்பு வந்துவிடும். நான் எங்கெல்லாம் வழுக்கி விழுந்தேனோ, சொல்லி வைத்தாற்போல் அங்கேயே விழுகிறார்கள். கை ஆடியது, கண்ணாடியில் ஆவி படிந்தது, எச்சில் நுரை பளிச்சிட்டது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பத்து பேருக்கு எடுத்தால் அவை தானாகச் சரியாகிவிடும். படம் தெளிவாக இருந்தும் நோயாளி தப்பாகப் புரிந்துகொண்டு போகிறாரே, அதுதான் என் கவலை.

கண்ணாடிப் படத்தைப் புரட்டாமல் சுழற்றுவது

மேல்வரிசையின் கடிக்கும் பரப்பை முழுதாக எடுக்க, வாய்க்குள் கண்ணாடியை வைத்து அதில் தெரியும் பிம்பத்தைத்தான் எடுக்கிறோம். நோயாளிக்கு எதிரே நின்று எடுத்தால் கடைவாய்ப் பற்கள் மேலேயும் முன்பற்கள் கீழேயுமாக விழும். புதியவர் உடனே அதை 180 டிகிரி சுழற்றிவிடுவார். முன்பற்கள் மேலே வந்துவிடும், பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் வலது இடதாகிவிட்டிருக்கும். அந்தப் படத்தை மேல்கீழாகப் புரட்ட வேண்டும். மென்பொருளில் 'ஃபிளிப் வெர்ட்டிகல்' என்று இருக்கும். அப்போதுதான் நோயாளியின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் நிற்கும். பல் மருத்துவர்கள் படிக்கப் பழகியது அந்த முறையைத்தான்.

இதில் எரிச்சலூட்டுவது, தவறு கண்ணிலேயே படாது என்பது. படத்தில் ஓர் எழுத்து இருந்தால் திரும்பியிருப்பது உடனே தெரிந்துவிடும். பல்வரிசையோ இரண்டு பக்கமும் ஒரே வளைவு. எப்படிக் கவிழ்த்தாலும் சரியாகவே தோன்றும்.

நான் தொழில் தொடங்கிய புதிது. ஒரு பெண்மணிக்கு மேல் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்லில், அதாவது பல் மருத்துவர்கள் பற்களுக்கு இடும் எண்ணில் 26-இல், ஆழமான சொத்தை. வலப்பக்கத்தில் அதற்கு நேரான பல் 16. கண்ணாடிப் படத்தைச் சுழற்றித் திரையில் காட்டினேன். "ஐயோ, இவ்வளவு பெரிய குழியா?" என்று கேட்டு அப்போதே சிகிச்சைக்குச் சம்மதித்தார். நல்லபடியாக முடித்தேன். அவர் கேட்டார் என்று படத்தையும் செல்போனுக்கு அனுப்பி வைத்தேன். சில மாதம் கழித்து வேறு வேலையாக இன்னொரு மருத்துவரிடம் போயிருக்கிறார். அவர் படத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். "படத்தில் சொத்தை இருப்பது வலது பக்கம், 16. உங்களுக்கு அடைத்திருப்பது 26" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. படம் அப்படித்தான் சொன்னது.

அந்தப் பெண்மணி கணவரோடு வந்து நின்றார். எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டினேன், வலப்பக்கப் பல்லில் ஒன்றுமில்லை என்பதைப் புதிதாகப் படம் எடுத்தும் காட்டினேன். தலையாட்டினார்கள். ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை. செய்த வேலையில் குற்றமில்லாமல் ஒரு பொத்தானால் கெட்ட பெயர் வாங்கினேன் என்பது இன்றைக்கும் ஆறவில்லை. போன வாரம் ஒரு பயிற்சி மருத்துவர் அதே பொத்தானை அழுத்தினார். சுட்டிக்காட்டினால், "நேராத்தானே டாக்டர் இருக்கு?" என்கிறார்.

எடுத்த அன்றே, நோயாளி எழுந்து போகும் முன் படத்தைத் திருத்திவிடுங்கள். பிறகு வாயில் ஒரு பக்கம் மட்டும் உள்ள ஏதாவது ஓர் அடையாளத்தை, ஒரு கிரௌனையோ (பல்லுக்கு மேல் போடும் உறை) பல் இல்லாத இடைவெளியையோ, படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரியாகப் புரட்டிய படமும் நோயாளியைக் குழப்பும். அவர் தினமும் தன் பல்லைப் பார்ப்பது முகம் பார்க்கும் கண்ணாடியில். அங்கே வலது வலப்பக்கமே தெரியும். அதனால் படத்தின் ஓரங்களில் 'உங்கள் வலது', 'உங்கள் இடது' என்று எழுதிவிடுகிறேன். கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, அந்தப் பல்லைக் கருவியால் மெல்லத் தொட்டும் காட்டுகிறேன். தொட்ட இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வேலையைத் தொடங்கியபின் எடுக்கும் 'சிகிச்சைக்கு முன்' படம்

அது முன் படமே அல்ல.

காய்ந்த பல்லில் நிறம் பார்ப்பது

உதட்டை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் போட்டு வாயைத் திறந்து வைத்த சில நிமிடங்களிலேயே பல் காய்ந்து வெளுக்கத் தொடங்கும். இயல்பு நிறம் திரும்ப மணிக்கணக்கில் ஆகலாம். அந்த நேரத்தில் எடுத்த படத்தை நம்பி லேப் செய்து தரும் கிரௌன், மறுநாள் பக்கத்துப் பல்லைவிட வெள்ளையாக நிற்கும். நிறப் படத்தை எல்லாவற்றுக்கும் முதலில் எடுத்துவிடுங்கள். நிறம் ஒப்பிடப் பல்லருகே பிடிக்கும் மாதிரித் துண்டான ஷேட் டேபும் பல்லும் ஒரே தளத்தில் இருக்கட்டும். டேப் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஃபிளாஷில் அது வெளிறிப்போகும்.

செல்போனை மூக்கருகே கொண்டுபோவது

முன்பற்கள் புடைத்துத் தெரியும். "என் பல் இவ்வளவு எடுப்பாவா இருக்கு?" என்று நோயாளி கவலையோடு போவார். தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை நாங்கள் விரும்புவதற்கு, எட்ட நின்றே பல்லை நெருக்கமாக எடுக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

நிறத்தையும் ஒளியையும் மெருகேற்றுவது

தொடவே தொடாதீர்கள்.

ஒருவர் வாயை இன்னொருவருக்குக் காட்டுவது

சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இதற்குச் செல்லாது. தனியாகக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். கண்ணை மட்டும் மறைத்தால் ஆள் தெரியாது என்று நினைக்க வேண்டாம். சொந்தச் செல்போனில் எடுத்த படம் தானாக எங்கெங்கே சேமிப்பாகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். வீட்டு ஆல்பத்தில் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே யாரோ ஒருவருடைய ஈறு வந்து நின்ற கதை எனக்கே உண்டு.

காட்டியவுடன் பேசத் தொடங்குவது

முதலில் முழுச் சிரிப்பு, அப்புறம் வரிசை, கடைசியில்தான் அந்த ஒரு பல். எடுத்த எடுப்பிலேயே ரத்தம் கசியும் ஈற்றைத் திரை முழுக்கப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். படத்தைப் போட்டபின் பத்து விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள். ஒருவரிடம் பெரிய சொத்தையைக் காட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் அதை விட்டுவிட்டு, முன்பல்லில் இருந்த ஒரு மெல்லிய கறைக் கோட்டைச் சுட்டி, "இதுக்காகத்தான் டாக்டர் நான் வாயை மூடியே சிரிக்கிறேன்" என்றார்.