பத்திரிகைப் புகைப்படப் போட்டிக்குப் படம் அனுப்புவது எப்படி: டெல்டாவின் புதிய புகைப்படக்காரர்களுக்கு

ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்ற கேள்வியில் தொடங்கி, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, குறுவை மழையில் சாய்ந்ததா, கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கியதா, வேதாரண்யத்தில் உப்பு கரைந்ததா என்று வருடம் முழுக்கச் செய்தி நடக்கும் மண் நம்முடையது. இங்கே கேமரா வைத்திருக்கும் இளைஞர்கள் பலரிடம் நல்ல படங்கள் இருக்கின்றன. தாலுகா நிருபர்கள், கல்யாண வீடியோ எடுப்பவர்கள், போனில் மட்டுமே எடுப்பவர்கள் என்று எல்லோரிடமும் இருக்கின்றன. போட்டிக்கு அனுப்பு என்று சொன்னால் மட்டும் தயங்குகிறார்கள். எப்படி அனுப்புவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராததுதான் காரணம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செய்திப்படம் ஒரு சாட்சியம். நடுவர் நம் ஊரைப் பார்த்திராதவர். அவர் நம் படத்தை நம்புவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நாம்தான் படத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

படி 1: விதிமுறையை முழுதாகப் படியுங்கள்

பரிசுத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது வேறு. எந்தத் தேதிக்குள் எடுத்த படம் செல்லும்? பெரும்பாலான செய்திப்படப் போட்டிகள் போன காலண்டர் வருடத்தில் எடுத்த படத்தைத்தான் கேட்கும். யார் கலந்துகொள்ளலாம்? ஆம்ஸ்டர்டாமில் 1955 முதல் இயங்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற சர்வதேசச் செய்திப்படப் போட்டி தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கானது. அதில் கட்டணம் கிடையாது. மாவட்ட அளவிலும் கல்லூரி அளவிலும் நடக்கும் போட்டிகள் எல்லோருக்கும் திறந்திருக்கும். தொடக்கத்துக்கு அவை போதும்.

உரிமை பற்றிய பத்தியை இரண்டு தடவை படியுங்கள். வென்ற படத்தைப் போட்டி சம்பந்தமான கண்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொள்வோம் என்றால் நியாயம். அனுப்பிய எல்லாப் படங்களும் எங்களுக்கே சொந்தம், எதற்கும் பயன்படுத்துவோம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இலவசமாகப் படம் சேர்ப்பதற்கென்றே சிலர் போட்டி வைக்கிறார்கள்.

வெளிநாட்டுப் போட்டி என்றால் கடைசி நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். குளிர்காலத்தில் ஐரோப்பாவின் மத்திய நேரப்படி மதியம் 12 என்றால் நமக்கு மாலை 4.30. டிசம்பர், ஜனவரியில் மழைக்குக் கரண்டும் நெட்டும் போகும் ஊர்களில் இருந்துகொண்டு கடைசி நாளை நம்பக்கூடாது. இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

படி 2: அசல் ஃபைலைக் காப்பாற்றுங்கள்

இது படம் எடுக்கும் அன்றே தொடங்கும் வேலை. கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று வெளியே கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். எடுத்த தேதியும் நேரமும் கேமரா விவரமும் எக்ஸிஃப் என்ற பெயரில் ஃபைலுக்குள்ளேயே பதிவாகின்றன. கடிகாரம் தப்பாக இருந்தால், நாகையில் புயல் கரை கடப்பதற்கு முதல் நாளே மரம் சாய்ந்துவிட்டதாக உங்கள் ஃபைல் சொல்லும்.

முடிந்தால் ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் மாற்றாமல் வைத்திருக்கும் வடிவில் எடுங்கள், அல்லது ராவும் ஜேபெக்கும் சேர்த்து. பெரிய போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு வந்த படங்களுக்கு அசல் ஃபைலைக் கேட்டு வாங்கி, நீங்கள் அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஜேபெக்கில் மட்டும் எடுத்தவர்களிடம் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கேட்பதுண்டு. அதனால் நல்ல படத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கார்டில் இருந்ததை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, 'அசல்' என்று பெயர் வைத்து, அதைத் தொடவே தொடாதீர்கள். எடிட்டிங் எல்லாம் நகலில்தான்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பித் திரும்ப எடுத்த படம் போட்டிக்கு உதவாது. அது சுருங்கிவிடும், உள்ளே இருந்த தகவலும் போய்விடும். கேபிள் போட்டு எடுங்கள், அல்லது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

படி 3: தேர்வு

ஒற்றைப் படமா, தொடர் படமா என்று முடிவு செய்யுங்கள். ஒற்றைப் படம் தனியாக நின்று பேச வேண்டும். தொடருக்கு எத்தனை படம் என்று விதியிலேயே இருக்கும். பத்து வரை அனுப்பலாம் என்றால் பத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பலவீனமான ஒரு படம் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

நம் ஊர் உதாரணமே எடுத்துக்கொள்வோம். டி.பி.சி. என்று நாம் சொல்லும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மழைக்காலத்தில் நெல் காத்துக்கிடப்பதைத் தொடராகச் செய்கிறீர்கள். சாலையோரம் நீளமாகக் குவிந்திருக்கும் நெல், தூரத்திலிருந்து ஒன்று. தார்ப்பாயை இழுத்து மூடுகிறவர்கள் ஒன்று. ஈரப்பதம் பார்க்கும் கருவியில் ஓடும் எண்ணும், அதைக் குனிந்து பார்க்கும் விவசாயியின் முகமும் ஒன்று. முளைவிட்ட நெல், உள்ளங்கையில், மிக அருகில். மூட்டை தூக்குகிறவர்கள். இரவு குவியலுக்குக் காவலாகக் கயிற்றுக்கட்டிலில் படுத்திருப்பவர். ஆறு படம் போதும். தார்ப்பாய்ப் படமே நான்கு விதத்தில் நன்றாக வந்திருக்கிறது என்று நான்கையும் வைத்தால் கதை நகராது.

தேர்ந்தெடுத்த பிறகு, அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நெல் போடுகிற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது பழைய நெல்லுப்பா, இந்தப் பட்டத்து நெல்லு இல்ல" என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் எந்த நடுவருக்கும் இல்லை. நமக்கு அது பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிறது.

படி 4: எடிட்டிங்: எது வரை?

ஓரம் வெட்டலாம். வெளிச்சம், நிழல், நிறச் சமன் இவற்றை அளவாகச் சரிசெய்யலாம். சென்சாரில் ஒட்டிய தூசியின் புள்ளியை நீக்கலாம். கறுப்பு வெள்ளையாக மாற்ற அநேகப் போட்டிகள் அனுமதிக்கும். எதையும் புதிதாகச் சேர்க்கக்கூடாது, இருந்ததை எடுக்கக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. வாய்க்காலில் மிதந்த பிளாஸ்டிக் பை அழகைக் கெடுக்கிறது என்றால் ஓரம் வெட்டி வெளியேற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். அன்று அந்த வாய்க்காலில் அது இருந்தது. போனில் ஒரு விரல் தடவலில் பொருளை மறைய வைக்கும் வசதி, வானத்தை மாற்றும் வசதி, மங்கலான முகத்தை ஏ.ஐ. வைத்துக் கூர்மையாக்கும் செயலி எல்லாமே செய்திப்படத்துக்கு ஆகாதவை.

2010-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்ற உக்ரைன் புகைப்படக்காரர் ஸ்டெபான் ரூடிக்கின் பரிசு பறிக்கப்பட்டது. ஒரு படத்தின் பின்னணியில் தெரிந்த கால் நுனியை அவர் நீக்கியிருந்தார். அவ்வளவுதான். அசல் ஃபைலோடு ஒப்பிட்டதில் தெரிந்துவிட்டது. 2015-ல் கடைசிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் 20 சதவீதம் இப்படி ஒப்பிட்ட பிறகு வெளியேற்றப்பட்டன. அத்தனையும் தொழில்முறையாளர்களின் படங்கள்.

நிறத்தில் கைவைக்கும்போது கவனம். நடவு முடிந்து பச்சை பிடித்த சம்பா வயலின் நிறம் நமக்கெல்லாம் மனப்பாடம். அதைப் பெயின்ட் டப்பா பச்சையாக ஏற்றினால் படம் பொய் சொல்லத் தொடங்குகிறது. மதிய வெளிச்சத்தைப் புயல் இருட்டாக மாற்றுவதும் அப்படித்தான்.

எடிட்டிங்குக்கு முன்பே நடக்கும் தப்பு ஒன்று உண்டு. "அண்ணே, இன்னொரு தடவை தூத்துங்க, இந்தப் பக்கம் திரும்பி" என்று கேட்டு எடுக்கும் படம். அவர் நமக்காகச் செய்கிறார், அந்த நிமிடம் செய்தி போய்விட்டது. ஒருவரை நிற்கவைத்து உருவப்படம் எடுப்பதில் தவறில்லை. அது உருவப்படம் என்று குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

படி 5: படக்குறிப்பு

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மேலே சொன்ன தார்ப்பாய்ப் படத்துக்குப் பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: "கண்ணீரில் டெல்டா விவசாயி! சோறு போடும் கைகளுக்கு விடிவு எப்போது?" இதில் தகவல் ஒன்றுகூட இல்லை. எந்த ஊர், எந்த நாள், யார், ஏன்? அழுகிறார் என்பதைப் படமே காட்டும். காட்டாவிட்டால் எழுதியும் பயனில்லை.

மாற்றி எழுதுவோம். முதல் வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரிவது: இன்ன பெயருள்ள, இத்தனை வயதான விவசாயி, திருவாரூர் மாவட்டத்தில் இன்ன ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில், விற்பனைக்குக் கொண்டுவந்த குறுவை நெல்லை மழைக்குத் தார்ப்பாயால் மூடுகிறார், தேதி, மாதம், வருடம். இரண்டாவது வாக்கியத்தில் பின்னணி: நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் செய்வார்கள், தொடர் மழையால் நெல் காயாமல் அவர் இத்தனை நாளாகக் காத்திருக்கிறார். அந்த நாள் கணக்கை அவரிடமே கேட்டு எழுத வேண்டும். 17 சதவீத வரம்பைச் சில வருடங்களில் அரசு தளர்த்தியிருக்கிறது. நீங்கள் எடுத்த பருவத்தில் எவ்வளவு என்று நிலையத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு போதும். நடுவருக்குக் கண் முன்னால் அந்த வாசல் வந்துவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு, டிசம்பர் 28 அன்று கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது. மணலில் விழுந்து அழும் ஒரு பெண். படத்தின் ஓரத்தில் இறந்த உறவினரின் கை மட்டும் தெரியும். அவ்வளவு கனமான படத்துக்கும் குறிப்பு சொல்வது யார், என்ன, எங்கே, எந்தத் தேதி என்பதைத்தான்.

ஊர்ப் பெயரில் கவனம் தேவை. 2015-ல் இத்தாலியப் புகைப்படக்காரர் ஜியோவானி ட்ராய்லோ, பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரைப் பற்றிய தொடருக்கு அதே போட்டியில் முதல் பரிசு பெற்றார். அதில் ஒரு படம் அந்த ஊரில் எடுத்ததே இல்லை, புருஸ்ஸல்ஸ் பகுதியில் எடுத்தது என்று தெரியவந்ததும் பரிசு ரத்தானது. நமக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-ல். அதற்கு முன் தரங்கம்பாடியில் எடுத்த படத்துக்கு அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தைப் போட்டு, இப்போது மயிலாடுதுறை என்று சேர்த்து எழுதுங்கள்.

பெயர், வயது, ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் படம் எடுத்த இடத்திலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது அவரையே சொல்லச் சொல்லி போனில் பதிந்துகொள்ளுங்கள். என்ன படம், எதற்கு என்று அவருக்குச் சொல்லுங்கள். போன் நம்பர் உங்களுக்கு மட்டும், குறிப்பில் போகக்கூடாது. சிறுவர்கள் இருந்தால் பெற்றோரிடம் கேளுங்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிட போக்சோ சட்டத்தில் தடை இருக்கிறது. முகம் மட்டும் என்று நினைக்காதீர்கள். வீடு, பள்ளிச் சீருடை, தெருப் பெயர் எல்லாமே அடையாளம்தான்.

இந்தக் குறிப்பைத் தனிக் காகிதத்தில் எழுதி அனுப்புவதில்லை. ஃபைலுக்குள்ளேயே ஐ.பி.டி.சி. என்ற தகவல் கட்டங்கள் இருக்கின்றன: விளக்கம், எடுத்தவர் பெயர், தேதி, ஊர், மாநிலம், நாடு, காப்புரிமை. லைட்ரூம், ஃபோட்டோ மெக்கானிக் என்ற இரண்டு மென்பொருள்களிலும் இவற்றை நிரப்பலாம். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு டிஜிகேம் இலவசம், நன்றாகவே வேலை செய்யும். சர்வதேசப் போட்டிக்குக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மொழிநடை பகட்டாக இருக்க வேண்டியதில்லை, சிறிய வாக்கியங்களாகச் சரியாக இருந்தால் போதும். தமிழில் கேட்கும் போட்டி என்றால் யூனிகோடில் அடியுங்கள். டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியதை ஒட்டினால் நடுவரின் திரையில் அது புரியாத எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

படி 6: ஃபைல் தயாரிப்பு

இது எளிது. ஜேபெக், நிற அமைப்பு எஸ்.ஆர்.ஜி.பி., தரம் உச்சத்துக்குப் பக்கத்தில். நீளப் பக்கம் எத்தனை பிக்ஸல், ஃபைல் எத்தனை எம்.பி. என்று போட்டி சொல்வதை அப்படியே வையுங்கள். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். ஐபோனில் எடுத்தது ஹெய்க் வடிவில் இருந்தால் ஜேபெக்காக மாற்றுங்கள். வாட்டர்மார்க், பார்டர், ஸ்டூடியோ பெயர் எதுவும் படத்தின் மேல் இருக்கக்கூடாது. பல போட்டிகளில் பெயர் தெரியாமல்தான் படத்தை மதிப்பிடுவார்கள். ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும், இடைவெளி விடாமல் வையுங்கள்.

ஏற்றுமதி செய்யும்போது தகவலை நீக்கும் விருப்பம் தேர்வாகியிருந்தால் நீங்கள் நிரப்பிய ஐ.பி.டி.சி. எல்லாம் போய்விடும். முடித்த ஃபைலை மறுபடியும் திறந்து குறிப்பு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 7: சமர்ப்பிப்பு

முதலிலேயே கணக்கு தொடங்கி வையுங்கள். சில இடங்களில் அடையாள அட்டை, பத்திரிகையாளர் என்பதற்கான சான்று கேட்டு, அதைச் சரிபார்க்கவே சில நாள் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாமல் தனியாகப் படம் எடுப்பவர்கள் ஒரு பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

படம் ஏறியதும் குறிப்பு சரியாகத் திரையில் வந்ததா, தொடரின் வரிசை மாறவில்லையா என்று பாருங்கள். பதிவேற்றினால் மட்டும் போதாது, 'சமர்ப்பி' பொத்தானையும் அழுத்த வேண்டும். உறுதி மெயில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அசல் ஃபைல், எடிட் செய்த ஃபைல், குறிப்பு, நோட்டுப் பக்கத்தின் போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

அதற்கப்புறம் சில வாரங்களுக்கு மெயிலைத் தினமும் திறந்து பாருங்கள், ஸ்பாமையும் சேர்த்து. அசல் ஃபைல் கேட்டு மெயில் வந்தால் பதில் அனுப்பச் சில நாள் அவகாசம்தான் இருக்கும். கேட்டதை மட்டும், பெயர் மாற்றாமல், அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்து அனுப்பிவிடுங்கள்.