ஸ்டாம்ப் படத்துக்கு வாட்டர்கலர் பென்சிலில் வண்ணம்: கோடு கலையாமல் தீட்டுவது எப்படி?

போன மார்கழியில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் இருபது செய்ய உட்கார்ந்தேன். பானையும் கரும்பும் உள்ள ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, மஞ்சள் கொத்தின் இலைக்கு வாட்டர்கலர் பென்சிலில் (தண்ணீர் பட்டால் கரையும் கலர் பென்சில்) பச்சை தீட்டி, ஈரப் பிரஷை வைத்ததும் கறுப்புக் கோடு இளகி இலைக்குள் ஓடியது. பச்சை அழுக்குச் சாம்பலாக மாறிவிட்டது. ஆறு அட்டைகள் வீணான பிறகுதான் கோளாறு பென்சிலில் இல்லை, மையில் இருக்கிறது என்று பிடிபட்டது.

அதனால் முதலில் மையைச் சரிபார்த்துவிடுங்கள். ஆபீஸ் சீல் குத்தும் பேடில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம். எத்தனை நாள் காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். நமக்கு வேண்டியது காய்ந்த பிறகு நீர் புகாத மை. ரேஞ்சர் ஆர்க்கைவல், வெர்சாஃபைன், ஸ்டேஸ்ஆன் மூன்றுமே சரிப்படும். ஸ்டேஸ்ஆன் சட்டென்று காயும், ஆனால் ஸ்டாம்பைத் துடைக்க அதற்கென்று தனி கிளீனர் வாங்க வேண்டும். வெர்சாஃபைன் நுணுக்கமான கோட்டையும் அழகாகப் பதிக்கும், ஆனால் மெதுவாகக் காயும். எனக்குப் பிடித்தது ஆர்க்கைவல் கறுப்பு. எதை வாங்கினாலும் ஒரு துண்டுத் தாளில் குத்தி, பத்து நிமிடம் கழித்து ஈர விரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் இன்னும் காயவிட்டுத் திரும்பத் தேய்த்துப் பாருங்கள். அப்போதும் ஒட்டினால் அந்த மை வேண்டாம்.

தாள் 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். அதிலும் 'ஹாட் பிரஸ்' என்று போட்டிருக்கும் வழுவழுப்பான வகைதான் ஸ்டாம்புக்கு நல்லது. சொரசொரப்பான தாளில் கோடு விட்டுவிட்டு விழும். மலிவான 24 பென்சில் டப்பாவைவிட, ஃபேபர் காஸ்டல் ஆல்பிரெக்ட் ட்யூரரில் நாலைந்து நிறங்களைத் தனித்தனியாக வாங்குவதே மேல் என்பேன். சாதாரண கலர் பென்சிலில் மெழுகு இருப்பதால் தண்ணீரில் கரையாது, கவனம்.

இப்போது பானை. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்தில் மட்டும், பானையின் அகலத்தில் கால் பங்கு அளவுக்குச் செம்மண் நிறத்தைத் தீட்டுங்கள். விளிம்பை ஒட்டி இன்னொரு முறை அழுத்தமாக. மீதி வெள்ளையாகவே இருக்கட்டும். முழுப் பானையையும் தீட்டினால் நனைத்ததும் தட்டையாகத் தெரியும்.

பிரஷை நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். நுனியில் சொட்டு தொங்கக் கூடாது. அடர்ந்த ஓரத்தில் வைத்து வெள்ளைப் பக்கம் மெல்ல இழுங்கள். பென்சில் கீறல்கள் கரைந்து, போகப்போக நிறம் வெளுத்துவரும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை இடமும் சிவந்துவிடும்.

பானை காயும் வரை பக்கத்திலுள்ள கரும்பைத் தொடாதீர்கள். இரண்டும் ஈரமாக இருந்தால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். நான் இரண்டு மூன்று அட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தீட்டுகிறேன். பொங்கி வழியும் நுரை மாதிரிச் சின்ன இடங்களுக்குத் தாளில் பென்சில் வேண்டாம். ஈரப் பிரஷைப் பென்சில் முனையிலேயே தேய்த்து நிறத்தை எடுத்து வையுங்கள்.

பின்சேர்க்கை: தாளில் திரி திரியாக எழும்புகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஈரமான இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்ப்பதால் வருவது அது. காயவிட்டு, அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

எம்பாஸிங் பவுடர் (சூட்டில் உருகி மேடாக இறுகும் தூள்) தூவிக் கோட்டை மேடாக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. உருகி இறுகிய கோடு வரப்பு மாதிரி நின்று வண்ணத்தைத் தடுக்கும். ஆனால் ஹேர் டிரையர் உதவாது, சூடு போதாமல் பவுடர் பறந்துவிடும். அதைவிடச் சூடான காற்றை வீசும் ஹீட் கன் வேண்டும்.

இன்னொன்று, 'பொங்கல் வாழ்த்துகள்' எழுத்து ஸ்டாம்பையும் வண்ணத்துக்கு முன்பே குத்திவிடுங்கள். நனைந்து காய்ந்த தாள் லேசாக நெளிந்திருக்கும், எழுத்து சரியாகப் பதியாது. நெளிவு போக, நன்றாகக் காய்ந்த பிறகு ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் வைத்திருந்து, காலையில் அட்டையில் ஒட்டுங்கள்.